துரை அடுப்பு

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கு மேலே, மலைமுகட்டில் இருக்கிற பங்களாவில், வெகுகாலம் குளிர்ந்து கிடந்த துரை அடுப்பை மறுபடியும் பற்றவைத்த அன்று, தீ பிடித்ததும் அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கொஞ்சம் புளி கேட்டது.

தீப்பெட்டியோடு பக்கத்தில் நின்றவள் நான்தான். குரல் யாருடையது என்றுகூடத் தெரிந்தது. கீழ் லைனில் இருக்கிற அமுதா அக்கா, தன் அடுப்படியில் நின்றுகொண்டு, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி எப்போதும் கத்துகிற அதே கத்தல். கொஞ்ச நேரத்தில் புளி வந்துசேர்ந்தது போலிருக்கிறது. குழம்பு கொதிக்கிற சத்தமும், அமுதா அக்கா தன் நாத்தனாரைப் பற்றிச் சொன்னதும், புகைபோக்கி வழியாக இறங்கிவந்து, பங்களா முன்னறையில் கம்பளம் போர்த்தி உட்கார்ந்திருந்த பெங்களூர்த் தம்பதியின் காலடியில் விழுந்தன.

துரை அடுப்பு என்பது லைனில் வைத்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் குளிர் காய்வதற்காகச் சுவருக்குள் கட்டிய கணப்பு அது. கடைசித் துரை போனதற்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எஸ்டேட்டை வாங்கி பங்களாவைத் தங்கும் விடுதியாக்கியதற்கும் நடுவில் பங்களா காலியாகக் கிடந்தது. அந்த நாட்களில் அங்கிருந்த இரும்பெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மலையிறங்கி வந்தது. திரைச்சீலைக் கம்பி ஒரு வீட்டில் துணி காயப்போடும் கொடியானது. விறகு அடுக்கும் இரும்புச் சட்டம் இன்னொரு வீட்டில் கோழிக்கூட்டுக்குக் கதவானது. தீ கிளறும் கம்பிகள் இரண்டும் முனீஸ்வரன் முன்னால் ஊன்றப்பட்டு, எலுமிச்சம்பழம் குத்தி, குங்குமம் வைத்து, இப்போது யாரும் கும்பிடாமல் தொடமுடியாத வேல்களாகிவிட்டன. எது எந்த வீட்டில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். புகைபோக்கியின் கழுத்தை அடைக்கிற இரும்பு மூடி மட்டும் எங்கே போனது என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் பெயர் அனுசுயா. அம்மா மருதாயி கொழுந்து பறிக்கிறாள். எங்கள் லைனில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் விடுதி வரவேற்பறையில் உட்கார வைத்து, சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தார்கள். அதே காரணத்துக்காக லைனில் என் முன்னால் கொஞ்சம் பார்த்துத்தான் பேசினார்கள். முதலாளி லைன் வீடுகளை இடித்துவிட்டு விருந்தினர் குடில்கள் கட்டப்போகிறார், எங்களுக்குக் கீழே டவுனில் வீடு தருவார், சம்மதித்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் என்ற பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. போட்டால் எல்லோரும் போடுவது, இல்லாவிட்டால் ஒருவரும் போடுவதில்லை என்று முனீஸ்வரன் கோயிலில் கூடிச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அம்மாவை மட்டும் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

பெங்களூர்க்காரர்கள் மறுநாளே காலி செய்துவிட்டார்கள். மேனேஜர் கிரிதரன் சார் துரை அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்து, தும்மி, வெளியே வந்தார்.

"அனுசுயா, இதுக்கு ஒரு மூடி இருந்திருக்கணும். எங்கிருந்தாவது பிடிங்க. முடியலேன்னா புதுசா அடிங்க. சுவருக்குள்ள யாரோ ஒருத்தி நாத்தனாரைத் திட்டிக்கிட்டே இருந்தா எவன் தங்குவான்?"

நடந்ததை அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். இப்படியெல்லாம் ஆகுமா என்று அம்மா கேட்கவில்லை. "அமுதா நாத்தனாரைப் பத்தி என்ன சொன்னா?" என்றுதான் கேட்டாள். மறுநாள் நான் பங்களாவில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தபோது, அம்மா எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அந்தச் செய்தியை வெள்ளைத்தாய் அத்தையிடம் சொல்வது துரை அடுப்பிலிருந்து எனக்குக் கேட்டது. "நம்ம அடுப்புல பேசுறதெல்லாம் அங்க கேக்குதாம் அத்தாச்சி. யார்கிட்டயும் சொல்லிராதீங்க." மத்தியானத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அது எப்படி நடக்கிறது என்று எங்கள் ஆட்கள் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. யார் பேசியது, யார் கேட்டது, கேட்டவர் யாரிடம் போய்ச் சொன்னார் என்பதில்தான் அவர்கள் கவனம் இருந்தது. விறகடுப்பின் பேச்சுதான் மேலே போகிறது, கேஸ் அடுப்பின் பேச்சு போவதில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும், கேஸ் வைத்திருந்த வீடுகள்மேல் சந்தேகம் விழுந்தது. அப்படி என்ன ரகசியம் பேச இவன் போன வருஷமே கேஸ் வாங்கினான் என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். கல்யாணப் பேச்சுகள் குடையைப் பிடித்துக்கொண்டு தூறலில் நின்று நடந்தன. வீட்டுக்குள் பெண்கள் வாயை மூடிக்கொண்டு, கையைக் காட்டி, உப்பு வேண்டும் காரம் போதும் என்று ஜாடையில் சமைத்தார்கள். சிலர் அதையே வசதியாக்கிக்கொண்டார்கள். "மேனேஜர் சார், குழாய்ல தண்ணி வரல, ஆளை அனுப்புங்க" என்று அமுதா அக்கா அடுப்பு வாயில் குனிந்து தினமும் சொன்னாள். முன்பு ஆபீசில் எழுதிக்கொடுத்தபோது வராத ஆள் இப்போது வந்தான். நாத்தனாரைப் பற்றி இருந்த மிச்சத்தையும் அவள் நிறுத்தி நிதானமாகச் சொல்லிமுடித்தாள். அவளுக்கு ஒரு சபை கிடைத்துவிட்டது.

நான் மூடியைத் தேடி அலைந்தேன். லைனில் போய், பங்களா இரும்பு ஏதாவது இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டது நான் செய்த முதல் பிழை. கேட்ட அன்றே கொடிக்கம்பி மறைந்தது, கோழிக்கூடு கதவிழந்தது, கோழிகள் தேயிலைக்குள் திரிந்தன. குன்னூர்ப் பட்டறையில் தகட்டில் ஒரு மூடி வெட்டிப் பொருத்தினோம். முதல் சூட்டிலேயே அப்பளம்போல வளைந்துகொண்டது. கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் நாள் முழுக்கக் குனிந்து புரட்டினேன். கடைசியில் அதே ஊரில், இரும்பை உருக்கி வார்க்கிற ஒரு வார்ப்படக் கூடத்துக்குப் போனபோது, வெறும் அளவு போதாது, மூடி உட்காருகிற இடத்தைக் காகிதத்தில் ஒற்றி எடுத்து, அதே வடிவத்தில் வெட்டிக் கொண்டுவா என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் திரும்பி வந்து இதைச் சொன்னபோது கிரிதரன் சார் துரை அடுப்புக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். காதில் இயர்போன்.

"அவசரமில்ல, அனுசுயா. மெதுவா செய்யலாம்" என்றார்.

"முதலாளி சீசனுக்கு முன்னாடி முடிக்கணும்னு..."

"அதான் மெதுவான்னு சொல்றேன்ல."

அதற்குப் பிறகு, விருந்தினர்கள் நடக்கப் போகிற மாலைகளிலெல்லாம் அவர் அங்கேயே உட்கார்ந்தார். பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் காப்பி வைக்கக் குனிந்தபோது அந்த இயர்போனின் மறுமுனை எதிலும் செருகாமல் அவர் மடியில் கிடந்தது. அதைப் பார்த்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பார்த்தது ஒரு ஒயரின் முனை. அதை வைத்து ஒரு மனிதரைப் பற்றி என்ன சொல்வது? அந்த வாரத்தில், டவுன் வீட்டுக்குப் போனால் என்ன என்று தன் மனைவியிடம் அடுப்படியில் லேசாகக் கேட்ட தங்கவேலு அண்ணன் வீட்டுக்குக் கிரிதரன் சார் இனிப்புப் பெட்டியோடு போனார். மகனுக்கு வேலை இல்லை என்று அடுப்பைப் பார்த்து அழுத இன்னொரு வீட்டுக்கு, டிரைவர் வேலை இருக்கிறது என்று ஆள் போனது. எந்த வீடு எங்கே தளர்ந்திருக்கிறது என்று யாரோ மேலே சொல்கிறார்கள் என்று லைன் புரிந்துகொண்டது. குரலை வைத்து ஆளை அடையாளம் சொல்லக்கூடியவள், லைனிலிருந்து மேலே போய்வருகிறவள், நான் ஒருத்திதான்.

வெள்ளைத்தாய் அத்தை அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா. எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவள். கடையில் வாங்கிய தேங்காயைக் கடைக்காரன் காதருகே ஆட்டிக் காட்டுகிறவள். அவள் ஒரு மாலை தன் அடுப்படியில் உட்கார்ந்து, யாரிடமோ சொல்வதுபோல, பங்களாவின் பித்தளைச் சாமானெல்லாம் முனீஸ்வரனுக்குப் பின்னால் புதைத்திருக்கிறது என்று சத்தமாகச் சொன்னாள். நானும் அதைப் பங்களாவில் கேட்டேன். பொய் என்று குரலிலேயே தெரிந்தது. மறுநாள் காலையில் தோட்டத்தைச் சீர்செய்கிறோம் என்று விடுதி ஆட்கள் கடப்பாரையோடு வந்து, கோயிலுக்குப் பின்னால் தோண்டினார்கள்.

பித்தளை கிடைக்கவில்லை. ஆனால் லைனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து கொழுந்துக்காட்டில் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் ஒரு வரிசை காலியாக விடப்பட்டது. தேநீர் வேளையில் அம்மா ஊற்றிக்கொடுத்ததை ஒருத்தி வாங்கி, அம்மா பார்க்கும்போதே செடியடியில் கவிழ்த்தாள். கீழ் லைனில் ஒரு பெண் பெரியமனுஷியானபோது எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் எல்லோரும் தட்டு ஏந்திப் போனார்கள். யாரும் உள்ளே எட்டிப்பார்த்து வா என்று சொல்லவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மா போகாத சடங்கு இந்த லைனில் கிடையாது.

அம்மா அன்று அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீ சொன்னியா?"

"இல்லம்மா."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் துரை அடுப்பில் தீ இல்லாத நேரத்தில், புகைபோக்கிக் கழுத்தில் காகிதத்தை வைத்து ஒற்றி எடுத்தேன். மடியில் விரித்து வெட்டினேன். நீளமான செவ்வகம், ஒரு பக்கம் கல் துருத்திக்கொண்டிருந்ததால், அந்த ஒரு மூலை மட்டும் சாய்வாகக் குறைந்திருந்தது. வெட்டி முடித்துத் தூக்கிப் பிடித்தபோது எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஏன் என்று கொஞ்சநேரம் புரியவில்லை. அது ஒரு தோசை. வெள்ளைத்தாய் அத்தை வீட்டில், ஒரு பக்கம் முதல் மறுபக்கம் வரை இரண்டு அடுப்பின்மேல் நீளமாகக் கிடக்கும் கல்லில் ஊற்றி, மூன்று பேருக்குப் பிய்த்துக் கொடுக்கிற, ஒரு மூலை இல்லாத தோசை. அந்த மூலை யாருக்கு வந்தாலும், என் பங்கில் குறையுது என்று சண்டைபோட்டுத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். தோசைக்கு ஏன் மூலை என்று ஒருவரும் கேட்டதில்லை.

நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அத்தை, எரிந்துகொண்டிருந்த விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

"இப்ப சொல்லு. என்ன கேட்டுட்டுப் போக வந்த?"

"அத்தை, நீங்க சொன்ன பித்தளைக் கதை எனக்குக் கேட்டுச்சு. எல்லாரு பேச்சும் கேக்குது. நான் யார்கிட்டயும் சொல்லல."

"மேனேஜருக்கு அப்ப முனீஸ்வரன் கனவுல வந்து சொன்னாராக்கும்?"

"யாருன்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. தெரியாம சொல்லமாட்டேன். இன்னொரு பொய் சொல்லுங்க அத்தை. ஆனா நான் இங்கயே உங்க கண்ணு முன்னாடி உக்காந்திருக்கேன். நாளைக்கு டூட்டிக்கும் போகல. என் போனையும் நீங்களே வச்சுக்குங்க."

அத்தை போனை வாங்கி, அணைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, அரிசிப் பானைக்குள் புதைத்து, பானைமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். பிறகு அடுப்பை மறுபடியும் மூட்டி, என் முன்னால் ஒரு கூடை சின்ன வெங்காயத்தைத் தள்ளினாள். வாயைத் திறக்கக்கூடாது என்று விரலைக் காட்டினாள். தீ நன்றாகப் பிடித்ததும் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில லைன்ல ஒரு குஞ்சும் இருக்காதுடியம்மா. யூனியன் ஆபீசுக்கு எல்லாரும் குன்னூர் போறோம். கதவைக்கூடப் பூட்டப்போறதில்ல, என்னத்த இருக்கு எடுக்க."

சொல்லிவிட்டு வெளியே போய், குழாயடியில் நின்று, உண்மையை ஒவ்வொருவர் காதிலும் சொல்லிவிட்டு வந்தாள். அன்று நான் அத்தை வீட்டிலேயே படுத்தேன். அத்தை கதவுக்குக் குறுக்கே பாய் விரித்துக்கொண்டாள்.

காலையில் மூடுபனி இறங்கிக் கிடந்தது. பங்களாப் பாதையில் ஆட்கள் வரும் சத்தம் முதலில் கேட்டது. பிறகு அளக்கிற நாடாவும், சுண்ணாம்பு வாளியும், கட்டை அடிக்கிற சுத்தியலும், அவற்றுக்குப் பின்னால் கிரிதரன் சாரும் பனிக்குள்ளிருந்து வந்தார்கள். காலியான லைனை அளந்து குறிபோட்டுவிடலாம் என்று வந்தவர்கள், கடைசி வளைவில் திரும்பியதும் நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. குளிருக்குத் தலையில் துண்டு கட்டிய ஆண்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள். கோழிகள் நாடாவைக் கொத்திப் பார்த்தன.

"நீங்கல்லாம் குன்னூர் போகலியா?" என்றார் கிரிதரன் சார்.

"யார் சார் சொன்னா, நாங்க குன்னூர் போறோம்னு?" தங்கவேலு அண்ணன் கேட்டார்.

கிரிதரன் சார் ஒவ்வொரு வாசலாகத் தேடினார். அம்மா நின்ற வாசலைப் பார்த்தார். அங்கே நான் இல்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

"அனுசுயாதான். காலையில டூட்டிக்கு வந்தப்போ சொன்னாங்க. நானா வந்து கேட்டேன்? உங்க பொண்ணுதானே?"

லைன் முழுவதும் ஒரே நேரத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா குனிந்துகொண்டாள். அப்போது அத்தை தன் கதவை அகலத் திறந்தாள். நான் அவளுக்குப் பின்னால், வெங்காயத்தில் சிவந்த கண்ணோடு, சட்டையில் பெயர்ப்பட்டை இல்லாமல் நின்றேன்.

"இந்த அனுசுயாவா சார்?" என்றாள் அத்தை. "இவ நேத்து சாயங்காலத்துல இருந்து என் அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டுல்ல இருக்கா. டூட்டிக்கு வந்தது வேற யாரு? நல்லாப் பாத்தீங்களா?"

யாரோ சிரித்தார்கள். அமுதா அக்காவாகத்தான் இருக்கும். கிரிதரன் சார் நாடாவைச் சுருட்டச் சொன்னார். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வந்த பனிக்குள்ளேயே திரும்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் காகித தோசையை அத்தையிடம் காட்டினேன். அத்தை அதை வாங்கி, தன் தோசைக்கல்லின்மேல் விரித்தாள். விளிம்போடு விளிம்பு, குறைந்த மூலையோடு மூலை, அச்சாக உட்கார்ந்தது.

"மாமனார் தூக்கிட்டு வந்தது" என்றாள். "இதைக் கொண்டுபோய்க் குடுத்தா, திருடின்னு கேஸ் போடமாட்டானா?"

"எங்க கிடைச்சதுன்னு கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன் அத்தை."

"அதான் தெரியுமே. உன்னால ஆகாதே."

"லைன்லதான் கிடைச்சதுன்னு சொல்லுவேன். என்னைக்குக் கிடைச்சதுன்னா, நீங்க அளக்க வந்த அன்னைக்குன்னு சொல்லுவேன். அதுக்கு மேல அவர் கேக்கமாட்டார்."

அவர் கேட்கவில்லை. முதலாளி போனில் மூடி கிடைத்ததா என்று என்னைத்தான் விசாரித்தார், கிடைத்துவிட்டது என்றேன், மாட்டச் சொன்னார். மூடியை மாட்டுகிற காதுகளில் உடைந்திருந்த ஒன்றைப் பட்டறையில் ஒட்டவைத்து, மூடியை இழுத்து அடைக்க ஒரு கம்பியும் போட்டுக்கொடுத்தார்கள். மாட்டிய கொத்தனார் ஒன்று சொன்னார்: தீ எரியும்போது மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். எரியும்போது மூடினால் புகை மேலே போக வழியில்லாமல் அறைக்குள் திரும்பிவிடும்.

அப்படியானால் தீ எரிகிற நேரமெல்லாம் பேச்சும் வரும். இதை நான் மறைக்காமல் லைனில் வந்து சொன்னேன். அவர்கள் யோசித்து, அதற்கும் ஒரு வழி செய்துகொண்டார்கள். பங்களாப் புகைபோக்கியில் புகை தெரிந்தால் மூடி திறந்திருக்கிறது, மேலே காது இருக்கிறது. அப்போது சமைப்பார்கள், தண்ணீர் வரவில்லை என்பார்கள், மேனேஜர் நல்லா இருக்கணும் என்பார்கள். புகை இல்லாவிட்டால் மூடி மூடியிருக்கிறது, அப்போது பேசுவார்கள். இப்போது எங்கள் லைனில் யாரும் வாய் திறக்கும் முன் வாசலுக்கு வந்து மேலே பார்த்துவிட்டுப் போவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மழை வருமா என்று பார்க்கிறோம் என்று நினைக்கிறார்கள். இன்றுவரை ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. அத்தை கடையில் வட்டக் கல் வாங்கிவிட்டாள். மூலையே இல்லாத தோசை எப்படி நேர்மையாக இருக்கும் என்று அதை இன்னும் சந்தேகமாகத்தான் திருப்பிப் போடுகிறாள். துரை அடுப்பு சூடாகும்போது முன்னறையில் நல்லெண்ணெய் வாசனை அடிக்கிறது. விருந்தினர்கள் தோசை கிடைக்குமா என்று கேட்கிறார்கள்.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் லைனில் போய் என்ன சொல்வேனோ என்ற சந்தேகம் கிரிதரன் சாருக்கு. அம்மாவின் இரண்டு பக்கமும் வரிசைகள் நிரம்பிவிட்டன. வாசலில் என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் அம்மா மறுபடி எடுக்கவில்லை. சோறு போட்டாள், போர்வையை இழுத்துவிட்டாள். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

பனி நாட்களில்தான் சிக்கல். எது புகை, எது பனி என்று கீழேயிருந்து தெரியாது. அப்படி ஒரு மாலை, முன்னறை நிறைய விருந்தினர்கள். தீ நன்றாக எரிந்துகொண்டிருந்தது. கிரிதரன் சார் நாற்காலியில் இருந்தார். நான் மூடிக் கம்பிக்குப் பக்கத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். கீழே அம்மா வாசலுக்கு வந்து மேலே பார்த்திருப்பாள், வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும், பனி என்று முடிவுசெய்திருப்பாள். துரை அடுப்பிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. பக்கத்தில் யாருமில்லாமல், அடுப்பிடமே பேசுகிற குரல்.

"அன்னைக்கு அனு கிட்ட நான் அப்படிக் கேட்டப்ப, என் மனசுல உண்மையா என்ன இருந்துச்சுன்னா..."

கிரிதரன் சார் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். நானும்தான் சாய்ந்தேன். இதைத்தானே அன்றிலிருந்து கேட்கக் காத்திருந்தேன். கை கம்பியில் இருந்தது. இழுத்தேன். மூடி விழுந்தது. அம்மாவின் குரல் நின்றுபோனது.

புகை ஒரு மிருகம்போலத் திரும்பி அறைக்குள் இறங்கியது. விருந்தினர்கள் இருமிக்கொண்டே ஓடினார்கள், கிரிதரன் சார் கத்தினார், தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்கும்வரை நான் கம்பியை விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"பனின்னு நினைச்சுட்டேன். பத்தவச்சிருந்தீங்களா?"

"ஆமா."

"நான் பேசினது கேட்டுச்சா?"

"ஆரம்பம் கேட்டுச்சு. மிச்சம் கேக்கல."

கேட்கவில்லை என்று ஒருத்தி சொன்னால் எங்கள் லைனில் யார் நம்புவார்கள்? கேட்டவளும் அதைத்தான் சொல்வாள். அம்மா என் முகத்தை, முன்பு வாசலில் பார்த்தது போலவே, கண் எடுக்காமல் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, என் தலையைத் தன் பக்கம் இழுத்து, முடிக்குள் முகம் புதைத்து, மூச்சை ஆழமாக இழுத்தாள். மூடி திறந்திருந்தால் புகையெல்லாம் மேலே போயிருக்கும். என் முடியில், சட்டையில், தோலில், புகையைத் தவிர வேறு வாசனையே இல்லை.

அம்மா வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

"போய்க் குளிச்சிட்டு வா" என்றாள். "வந்ததும் சொல்றேன்."